விராலிமலைக்கு எதுக்குங்க கரூர்?

ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிகள் 234. மக்களவைத் தொகுதிகள் 39. வகுத்துப் பாருங்கள், ஆறு. ஆறு எம்.எல்.ஏ. தொகுதி சேர்ந்தால் ஒரு எம்.பி. தொகுதி.

இப்போது புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வாருங்கள். கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. கச்சிதமாக ஆறு! அப்படியே தூக்கி ஒரு எம்.பி. தொகுதி ஆக்கியிருக்கலாம் அல்லவா? 2008-ல் நடந்தது நேர் எதிர். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம், 1952-லிருந்து இருந்த புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியையே கழற்றிவிட்டது. உமாநாத் இரண்டு முறை (1962, 1967) ஜெயித்த தொகுதி. கடைசி எம்.பி. 2004-ல் வென்ற ரகுபதி.

ஆறும் எங்கே போயின? இரண்டு திருச்சிக்கு, இரண்டு சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு. பங்காளிகள் பாகம் பிரிக்கும்போதுகூட கிணற்றைப் பொதுவில் வைப்பார்கள் சார்.

விராலிமலை, மயிலுக்கும் முருகனுக்குச் சுருட்டு படைப்பதற்கும் பேர் போன ஊர். திருச்சியிலிருந்து மதுரை சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். கரூர் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கலெக்டரைப் பார்க்கக் கிழக்கே போகணும், எம்.பி.யைப் பார்க்க வடமேற்கே. கரூர் எம்.பி. பாடும் பாவம்தான். கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று நாலு மாவட்டத்தில் தொகுதி சிதறிக் கிடக்கிறது. நாலு கலெக்டர், நாலு நிர்வாகம். தொகுதி நிதியோ வருஷத்துக்கு 5 கோடிதான். 2009, 2014-ல் தம்பிதுரை, 2019, 2024-ல் ஜோதிமணி. யார் வந்தாலும் இதே அலைச்சல்.

கோட்டையில் விராலிமலைக்குக் குரல் இல்லை என்று சொல்லவே மாட்டேன். 2011, 2016, 2021 மூன்றிலும் விஜயபாஸ்கர்தான் வென்றார். 2013-லிருந்து 2021 வரை சுகாதார அமைச்சர். 2019-ல் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு ஜல்லிக்கட்டில் சாதனையே படைத்த ஊர் இது. டெல்லியில் மட்டும்தான் ஆறில் ஒரு பங்கு, அதுவும் ஓரப் பங்கு.

மறுவரையறைச் சட்டத்தைப் புரட்டுங்கள். நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி மூன்றையும் கவனிக்கணும் என்று தெளிவாகவே இருக்கிறது. கூடவே, ‘இயன்றவரை’ என்று ஒரு வார்த்தை. தப்பிக்க அது போதுமே!

2009 தேர்தலில் புதுக்கோட்டைக்காரர்கள் பலர் கோபத்தில் 49-ஓ போட்டார்கள். நோட்டா பொத்தான் எல்லாம் அப்போது கிடையாது. வாக்குச்சாவடி அதிகாரியிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கையெழுத்துப் போடணும். அதற்கும் துணிந்து போட்டார்கள். ஒன்றும் மாறவில்லை.

2025 மார்ச்சில் சென்னையில் மறுவரையறை பற்றி அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. பேச்செல்லாம் தமிழ்நாட்டுக்கு எத்தனை சீட் என்பதில்தான். நியாயமான கவலை. ஆனால் கோட்டை எங்கே கிழிப்பார்கள் என்று யாராவது கேட்டார்களா? ஆணையம் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்பது வழக்கம். அடுத்த முறை கேட்கும்போது புதுக்கோட்டைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். அந்த ஆறு பெயரையும் வரிசையாக எழுதி அனுப்புங்கள்.