இரும்புத் தொப்பி வீடுகள்

உலகம் அழிவதைச் சொல்லும் கார்ட்டூன்களில் எனக்கு மிகப் பிடித்தது, ஹ்யூ ஹார்மன் இயக்கிய 'பீஸ் ஆன் எர்த்'. இரண்டாம் உலகப் போர் மூண்ட சில மாதங்களில், 1939 டிசம்பரில் எம்ஜிஎம் வெளியிட்டது. மனிதன் என்றால் என்னவென்று பேரக்குட்டிகள் கேட்க, தாத்தா அணில் மனிதர்கள் போரிட்டே அழிந்த கதையைச் சொல்கிறது. கடைசியாக மிஞ்சிய இரண்டு சிப்பாய்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள். ஒருவன் பதுங்குகுழித் தண்ணீரில் மெல்ல அமிழ்கிறான். கை மட்டும் நீரைத் துழாவுகிறது. குழந்தைகள் படம்தானே என்று அந்தக் கையைக் காட்டாமல் விட்டிருக்கலாம். ஹார்மன் விடவில்லை. எவ்வளவு பெரிய துணிச்சல்! பிறகு விலங்குகள் சிப்பாய்களின் இரும்புத் தொப்பிகளையே வீடுகளாக்கி ஊர் அமைக்கின்றன.

1955இல் இயக்குநர்கள் ஹன்னாவும் பார்பெராவும் அணுகுண்டைச் சேர்த்து இதை மறுபடி எடுத்தார்கள். இரண்டுமே ஆஸ்கர் பரிந்துரை பெற்றன. முதல் படமே உயர்ந்தது. விவரம் தெரிந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.