கதிரைகளை எண்ணிவிட்டு ஹீற்றர் வாங்குங்கள்

பெட்டியின் முகப்பில் 46,000 பி.ரி.யு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பின்வளவுக்குக் காஸ் ஹீற்றர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் காசைக் கொடுக்கிறார்கள். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு டெக்கில், உச்சியில் குடைபோன்ற தகடு வைத்த அப்படியொன்றைச் செப்டெம்பர் கடைசியிலிருந்து எரித்து வருகிறோம். ஒப்பிட்டுப் பார்க்கவென்று நண்பர் ஒருவரின் கண்ணாடிக் குழாய் ஹீற்றரும் சில வாரங்கள் பக்கத்தில் நின்றது. மணிக்கு எவ்வளவு காஸ் எரியும் என்பதற்கு அந்த எண் நல்ல கணக்கு. எத்தனை பேர் குளிராமல் இருந்து கதைக்கலாம் என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

அறைக்குரிய கணக்கொன்று உண்டு. அறையின் கன அடியை, எத்தனை பரன்ஹீற் பாகை கூட வேண்டுமோ அதனாலும் 0.133ஆலும் பெருக்குவது. இதையே டெக்குக்கும் போட்டுக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 12க்கு 16 அடி டெக்கில், எட்டடி உயரம் வைத்து, 20 பாகை கூட்டப் பாருங்கள்: 4,000 பி.ரி.யுவுக்குச் சற்று மேலே விடை வரும். மேசையில் வைக்கிற குட்டி ஹீற்றரே 11,000 பி.ரி.யு. ஒக்டோபர் இரவில் அது இரண்டு பேரின் கைகளைத்தான் காயவைக்கும். சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் சூடான காற்று நிற்காமல் மேலே போய்விடுகிறது. நமக்கு உறைப்பது செந்தணலாய் மாறிய கம்பிவலையிலிருந்து வரும் கதிர்வீச்சு மட்டுமே. அது ஆளின் தோலிலும் உடுப்பிலும் நேரே பட வேண்டும், தூரம் போகப் போகச் சட்டெனக் குறையும். அதனால் வெளியிடத்துக்கு இந்தக் கன அடிக் கணக்கு எனக்கு ஒப்பில்லை. யார், எத்தனை பேர், எங்கே இருக்கப் போகிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது.

இருபதடி வட்டம் சூடாகும் என்று பெட்டியில் இருக்கிறது. காற்று அசையாத இரவில் ஐந்தடி வரை உண்மையிலேயே சுகம். எட்டடியில் கன்னம் மட்டும் இளஞ்சூடாக இருக்கும், அதற்கு அப்பால் ஜக்கற்றைத் தேட வேண்டியதுதான். தகடு ஏழடிக்கும் மேலே இருப்பதால் சூடு தலையில்தான் முதலில் விழுகிறது. “தலை வேகுது, முழங்கால் விறைக்குது” என்று அம்மா முதல் இரவே சொல்லிவிட்டார். கண்ணாடிக் குழாய் ஹீற்றர் இந்த இடத்தில் நல்லது. எண் சிறியதானாலும் இருப்பவரின் நெஞ்சு உயரத்தில் சூடு வரும். ஆனால் நாலடி தாண்டினால் அது வெறும் அழகுதான்.

நாலைந்து கதிரைகளை வட்டமாகப் போடுகிற வீட்டுக்குக் குடை ஹீற்றர் ஒன்று தாராளம். நன்றி கூறல் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் நீள மேசையில் இருக்கும்போது, எவ்வளவு பெரியது வாங்கினாலும் ஒன்று காணாது. நடுத்தரமான இரண்டை மேசையின் இரு முனையிலும் வைக்க வேண்டும். இரண்டு பேர் தேத்தண்ணி குடிக்கிற, கூரை போட்ட மூலைக்குக் காஸே வேண்டாம். 1,500 வாற்ஸ் அகச்சிவப்பு மின் ஹீற்றர் ஏறத்தாழ 5,100 பி.ரி.யுதான், ஆனால் அதை ஆளை நோக்கித் திருப்பி வைக்கலாம்.

பெரியதற்கு இன்னொரு குறை, கடையில் யாரும் வாய் திறக்காதது. முழு வேகத்தில் இது மணிக்கு ஒரு கிலோ புரொப்பேன் குடிக்கிறது. இருபது இறாத்தல் சிலிண்டர் ஒன்பது மணித்தியாலத்தில் வெறுமை. திரவம் ஆவியாகத் தேவையான வெப்பத்தைச் சிலிண்டரிலிருந்தே எடுப்பதால் அதன் வெளிப்புறத்தில் உறைபனி படிகிறது. குளிரிரவில், பாதிக்குக் கீழே இறங்கிய சிலிண்டரில், அழுத்தம் விழுந்து சுவாலை சோர்ந்துவிடும். 46,000க்குக் காசு கொடுத்தவருக்கு, மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கிடைப்பதில்லை. குமிழை நடுவில் வைத்து எரித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பற்றவைப்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். சிறு சுவாலை வெப்ப உணரியைச் சூடாக்கும் வரை குமிழை அரை நிமிடம் அமத்திப் பிடிக்க வேண்டும். ஏரிப் பக்கமிருந்து காற்றடித்தால் கையை எடுத்தவுடன் அணைந்துவிடும். இந்த விலைக்கு அந்த இடத்தில் ஒரு சின்னத் தடுப்புத் தகடு வைத்திருக்கலாம். சரிந்தால் தானே அணைகிற ஏற்பாடு மட்டும் மிகத் திருத்தமாக வேலை செய்கிறது. அடித்தொட்டிக்குத் தண்ணீர் வேண்டாம், இங்கே உறைந்துவிடும். மணல் போடுங்கள்.

எங்கள் ஆட்கள் மழை வந்தால் கொண்டாட்டத்தைக் கராஜுக்குள் மாற்றுவது வழக்கம். ஹீற்றரை மட்டும் அங்கே இழுத்துச் செல்லாதீர்கள். கதவைப் பாதி திறந்து வைத்தால் போதும் என்பது பிழை. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, பிள்ளைகள் மயங்கும் வரை தெரியவராது. டெக்கின் மேலே கூரை நீட்டிக்கொண்டிருந்தாலும் தகட்டுக்கும் அதற்கும் இடையில் மூன்றடியாவது இருக்க வேண்டும், கைநூல் அதற்கு மேல் கேட்டால் அதையே பின்பற்றுங்கள்.

ஆகாயத்துக்குப் போகிற சூட்டை நினைத்துத்தான் பிரான்ஸ் 2022இல் உணவகங்களின் திறந்த மொட்டைவெளிகளைச் சூடாக்குவதைத் தடைசெய்தது. எனக்கும் அந்த நெருடல் உண்டு. அதனாலேயே ஆட்கள் எழும்பியவுடன் அணைத்துவிடுகிறேன்.

இந்த ஹீற்றரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வசந்தத்தில் விலை இறங்கும்போது இதிலும் சற்றுச் சிறியதாக இன்னொன்றை வாங்கி மேசையின் மறுமுனையில் வைக்கப் போகிறேன். அம்மாவின் கதிரை அதற்குப் பக்கத்தில்.