வாசலில் ஒரு சாப்பாட்டுக் கூடை

1987 கோடையில் நாவலாசிரியர் கஸுவோ இஷிகுரோ தெற்கு லண்டனில் இருந்த தன் வீட்டுக்குள்ளேயே நான்கு வாரம் காணாமல் போனார். திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணியிலிருந்து இரவு 10.30 வரை எழுத்து. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு. தபாலைப் பார்ப்பதில்லை, போன் பக்கம் போவதில்லை, வீட்டுக்கு யாரும் வரக்கூடாது. அவரும் மனைவி லோர்னாவும் இதற்கு வைத்த பெயர் ‘க்ராஷ்’. முதல் ஞாயிறு கடைத்தெருவுக்குப் போனவர், தெரு சரிவாக இருப்பதையும் ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்குவதையும் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாராம். லோர்னாவுக்குக் கவலை. அவருக்கோ, நாவலுக்குள் நுழைந்துவிட்ட திருப்தி. அந்த நாவல்தான் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’; 1989-ல் வெளிவந்து அதே ஆண்டு புக்கர் பரிசு பெற்றது.

இதைக் கேட்டுவிட்டு, எழுத மலையில் அறை போடக் கிளம்புகிறவர்கள் இரண்டு சங்கதிகளை விட்டுவிடுகிறார்கள். நாவலின் களமான வேலைக்காரர்களின் உலகத்தையும் அந்தக் கால அரசியலையும் இஷிகுரோ முன்பே படித்து முடித்திருந்தார். மாவு புளித்துத் தயாராக இருந்தது, வார்க்கத்தான் உட்கார்ந்தார். அதுவும் நடை, முரண் எதையும் பாராமல் கொட்டிய வரைவு. திருத்தம் பிறகு. இன்னொன்று, சமையலிலும் வீட்டு வேலையிலும் அவருடைய பங்கை அந்த நான்கு வாரமும் லோர்னா செய்தார். இதை மறைக்காமல் எழுதியவர் இஷிகுரோவேதான்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1907-ல் தொடங்கிய மெக்டவல் கலைஞர் முகாம் இதையே ஏற்பாடாக்கியது. காட்டுக்குள் தனித்தனிக் குடில்கள். மதியச் சாப்பாட்டைக் கூடையில் கொண்டுவந்து சத்தமில்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ தன் ஊரிலேயே ஓட்டல் அறை எடுத்து, சுவரில் இருந்த படங்களைக் கழற்றச் சொல்லி, காலையில் போய் மதியம் வீடு திரும்புவார். இரவு தங்கியதே இல்லை. எனக்குப் பிடித்த முறை இதுதான்.

தவறாகவே சொல்லப்பட்டு வருவது ஜார்ஜ் ஆர்வெல்லின் கதை. ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில், மின்சாரமில்லாத பார்ன்ஹில் பண்ணை வீட்டில் தவம் கிடந்து ‘1984’ எழுதினார் என்பார்கள். தவமாவது! தங்கை ஏவ்ரில் வீட்டைப் பார்த்துக்கொண்டார். கூடவே சின்னஞ்சிறு வளர்ப்பு மகன், வந்துபோகும் விருந்தாளிகள், மீன்பிடிப்பு, காய்கறித் தோட்டம். 1947 ஆகஸ்டில் கோரிவ்ரெக்கன் நீர்ச்சுழியில் படகு சிக்கி, மகனோடு மயிரிழையில் தப்பினார். அந்த ஆண்டுக் கடைசியில் காசநோய் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. 1948 முடிவில், அத்தனை தூரம் வரத் தட்டச்சர் கிடைக்காததால், உடம்பு தாளாமல் படுக்கையில் சாய்ந்தபடி முழு நாவலையும் தானே அடித்தார். சோறு போட ஆள் இருந்தது, தட்டச்சுக்கு இல்லை. 1949 ஜூனில் புத்தகம் வந்தது, 1950 ஜனவரியில் அவர் போய்விட்டார்.

கூடை வராத வாசல்களும் உண்டு. திருமணத்துக்குப் பிறகு எழுதத் தடை இருந்த காலத்தில், இரவில் கழிப்பறைக்குள் ஒளிந்து எழுதியதைத் தமிழ்க் கவிஞர் சல்மா சொல்லியிருக்கிறார். அங்கே எழுதப்பட்டவை கவிதைகள். அவருடைய பெரிய நாவல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வெளிவந்தது 2004-ல். அதற்குள் அவர் பேரூராட்சித் தலைவராகியிருந்தார்.