வேகாத பயறு

"பாட்டுப் பாடினால் பயறு வெந்துவிடுமா, மேடம்?" என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் 'மாய யதார்த்தம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். அவளுக்கு நான் பதில் சொல்லவே இல்லை என்பது அன்று மாலை அடுப்பைப் பற்றவைத்தபோதுதான் உறைத்தது.

நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தது மெக்சிகோ எழுத்தாளர் லாரா எஸ்கிவெல்லின் நாவல். ஸ்பானிய மொழியில் 1989இல் வெளிவந்து, 1992இல் 'லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்' என்று ஆங்கிலத்துக்கு வந்தது. மெக்சிகோவின் வட எல்லையில் ஒரு பண்ணை வீடு, புரட்சிக் காலம். கடைசி மகள் மணம் முடிக்கக் கூடாது, தாய் சாகும்வரை பணிவிடை செய்ய வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அந்தக் கடைசி மகள் தீத்தா. அவளை விரும்பிய பெத்ரோவை அவளுடைய அக்கா ரோசவுராவுக்குக் கட்டிவைக்கிறாள் தாய். பன்னிரண்டு மாதங்கள், மாதத்துக்கொரு சமையல் குறிப்பு, குறிப்புக்கொரு அத்தியாயம். நவம்பரின் குறிப்பு, தெஸ்குகானா முறையில் மிளகாய் சேர்த்துச் சமைக்கும் கொழுத்த பயறு. இன்ன வகைப் பயறு என்று நாவல் சொல்வதில்லை. ஆனால் கதை நடக்கும் வடக்கில் அன்றாடப் பானையில் வேகுவது பெரும்பாலும் பின்ட்டோதான். நம் கடைகளில் கிடைக்கும் ராஜ்மாவும் அதே இனம். பின்ட்டோ, உடம்பெல்லாம் புள்ளி தெளித்த பயறு. வெந்தால் புள்ளிகள் கரைந்து ஒரே பழுப்பாகிவிடும்.

விருந்தாளிகள் வரவிருக்கும் நாள். பயறு அடுப்பில் இருக்கிறது. அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டை மூள்கிறது. பெத்ரோவைப் பற்றிய சண்டைதான், ஆனால் அவனோடு நிற்பதில்லை. தன் மகள் எஸ்பெரான்சாவும் மணமில்லாமல் கடைசிவரை தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறாள் ரோசவுரா. நான் இருக்கும்வரை அது நடக்காது என்று நிற்கிறாள் தீத்தா. கொல்லையில் கோழிகள் ஒன்றையொன்று கொத்திச் சூறாவளியாகச் சுழல்கின்றன. திரும்பி வந்து பார்த்தால் பயறு வேகவில்லை. சண்டை நடக்கும் வீட்டில் பண்டம் வேகாது, அதற்குப் பாட்டுப் பாட வேண்டும் என்று சமையற்காரி நாச்சா எப்போதோ சொன்னது தீத்தாவுக்கு நினைவு வருகிறது. பெத்ரோவோடு மகிழ்ந்திருந்த ஒரு பொழுதை மனதில் கொண்டுவந்து பாடுகிறாள். பயறு மலர்ந்து வெந்துவிடுகிறது.

இந்தக் காட்சியைச் சமையலறையின் கவிதை என்று கொண்டாடும் வாசிப்பு ஒன்று உண்டு. நானும் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன். இப்போது எனக்கு இது உறுத்துகிறது. தீத்தாவின் கோபம் நியாயமானது. ஒரு பெண்குழந்தையின் எதிர்காலத்துக்காக எழுந்த கோபம் அது. பயறு வேகாமல் நின்றது அந்தக் கோபத்துக்குச் சாட்சியாகத்தான். ஆனால் சாப்பாட்டு மேசை காத்திருக்கிறது. மேசைக்காக அவள் கோபத்தைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் ஓர் ஆணின் நினைவை ஏற்ற வேண்டியிருக்கிறது. சந்தோஷமாகச் சமை, அப்போதுதான் ருசிக்கும் என்று காலங்காலமாகப் பெண்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் இந்தப் பாட்டும் சொல்கிறது.

அதே அத்தியாயத்தின் குறிப்போ வேறொன்றைச் சொல்கிறது. பயறை முதலில் தெகெஸ்கித்தே போட்டு ஒரு கொதி வேகவைத்து, கழுவி, பிறகு பன்றி இறைச்சியோடு மறுபடி வேகவைக்க வேண்டும் என்கிறது. தெகெஸ்கித்தே, வற்றிய ஏரிப்படுகையில் பூக்கும் காரம் கலந்த உப்பு. தெஸ்கோகோ ஏரி அதற்குப் பேர்போனது. 'தெஸ்குகானா' என்ற பெயரிலேயே அந்த ஊர் இருக்கிறது. பயறின் தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் பசையைக் காரம் தளர்த்தும். நாம் கொண்டைக்கடலைக்கு ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவதும் இதற்குத்தான். நாச்சாவைப் போன்ற பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட வேதியியல் இது. அந்த நாச்சாவும், காதலன் அந்த வீட்டாரால் விரட்டப்பட்டு, மணமில்லாமல் அதே அடுப்படியில் கிடந்து செத்தவள். குறிப்பு அவள் அறிவைப் பதிவுசெய்கிறது. கதை அந்த அறிவை மறைத்து, வெந்ததற்கான பெருமையைக் காதலுக்குக் கொடுத்துவிடுகிறது.

இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: கைமணம். என் அம்மாவின் கொண்டைக்கடலைக் குழம்பை அப்படித்தான் புகழ்ந்தோம். கை என்று சொல்லிவிட்டதால் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அவர் போன பிறகு நான் வைத்த குழம்பில் கடலை கல்லாகக் கிடந்தது. சித்திதான் சொன்னார்: "ஊறப் போடும்போதே அக்கா கல்லுப்புப் போட்டுடும். புளியைக் கடலை வெந்தப்புறம்தான் ஊத்தும். நீ முதல்லயே ஊத்தியிருப்பே." உப்பு தோலை இளக்கும், புளிப்பு வேகவிடாது. இரண்டே வாக்கியம். அந்த இரண்டு வாக்கியத்தை நாற்பது வருடம் நாங்கள் கேட்காமல் இருந்ததற்குப் பெயர் பாராட்டு.

பின்ட்டோவுக்கும் இதே கணக்குதான். உப்புத் தண்ணீரில் இரவு ஊறவைத்து, மண்பானையில் வெங்காயம், பூண்டு, கொஞ்சம் கொழுப்பு, அவர்கள் ஊரில் எபசோத்தே இலையும் சேர்த்து, தளதளவென்று கொதிக்கவிடாமல் சிறு தீயில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் விட்டால் சாறு கெட்டியாகி மணக்கும். தக்காளி, மிளகாய்ச் சாந்து எல்லாம் பயறு மெத்தென்று ஆன பிறகு. இதில் சந்தோஷத்துக்கு வேலை இல்லை. அழுதுகொண்டே செய்தாலும் வேகும். ஆனால் பக்கத்தில் ஒருத்தி இருந்தாக வேண்டும், அந்த இரண்டு மணி நேரமும்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு 1988இல் வந்தது, எஸ்கிவெல்லுக்கு ஓராண்டு முன்பு. அடுப்படி தரும் அதிகாரத்தைப் பெண் ஏன் தன் முழு உலகமாக எண்ண வேண்டும் என்று அம்பை கேட்டார். எஸ்கிவெல் அடுப்படியையே உலகமாக விரித்தார். வகுப்பில் இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனாலும் எஸ்கிவெல்லை என்னால் தள்ளிவிட முடியவில்லை. எஸ்பெரான்சா கடைசியில் விரும்பியவனை மணக்கிறாள். கதையைச் சொல்பவள் அவளுடைய மகள். பண்ணை எரிந்து சாம்பலானபோது மிஞ்சியது தீத்தா எழுதிவைத்த சமையல் புத்தகம். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் பேசுகிறாள். பாட்டு காற்றோடு போய்விட்டது. தெகெஸ்கித்தே எழுத்தில் நின்றது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு நோட்டு இல்லை.

அடுத்த வகுப்பில் அந்த மாணவிக்குப் பதில் சொன்னேன். "வேகாதும்மா. உன் வீட்டில் எப்படி வேகிறது என்று கேட்டு, எழுதிக்கொண்டு வா." அவள் ஒரு பக்கம் எழுதி வந்தாள். மேலே அவளுடைய பாட்டியின் பெயர் இருந்தது.