கொண்டிக் குதிரை

அமெரிக்கக் கதையொன்றைத் தமிழாக்க உட்காருகிறவருக்கு 'மஸ்டாங்' என்ற வார்த்தை வந்தால், 'காட்டுக் குதிரை' என்று எழுதிவிட்டு மேலே போய்விடத் தோன்றும். இதில் என்ன தவறு என்று வாசகர் கேட்கலாம். அந்தக் குதிரை காட்டு ஜாதி அல்ல என்பதுதான் தவறு.

அமெரிக்கக் கண்டத்தின் பூர்வீகக் குதிரை ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயிற்று. பின்னால் வந்தவை ஐரோப்பியர் கப்பலேற்றிக் கொண்டுவந்தவை. 1519ல் கோர்ட்டெஸ் மெக்ஸிகோவுக்குப் படையெடுத்தபோது அவனிடம் இருந்தவை 16 குதிரைகள். இப்படி வந்து சேர்ந்தவற்றில் தப்பியோடியவை, கைவிடப்பட்டவை இவற்றின் சந்ததிதான் மஸ்டாங்.

வார்த்தையும் அதையேதான் சொல்கிறது. ஸ்பெயினில், காஸ்டீல் ராஜ்யத்து மந்தைக்காரர்களின் சங்கத்துக்கு 'மெஸ்டா' என்று பெயர். 1273ல் பத்தாம் அல்ஃபோன்ஸோ மன்னர் அதற்குச் சலுகைகள் அளித்தார். 'கலந்தது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. மந்தைகளில் வந்து கலந்து, யாருடையதென்று தெரியாமல் நிற்கும் பிராணி 'மெஸ்தெங்கோ'. அதுவே மெக்ஸிகோ வழியாக ஆங்கிலத்துக்குப் போய் மஸ்டாங் ஆயிற்று. வார்த்தைக்குள் காடு இல்லை. சொந்தக்காரன் இல்லை என்பதுதான் இருக்கிறது.

இது வெறும் அகராதி விவகாரம் அல்ல. ஆர்தர் மில்லர் எழுதி 1961ல் படமாக வந்த 'தி மிஸ்ஃபிட்ஸ்' கதையை எடுத்துக்கொள்வோம். நெவாடா பாலைவெளியில் மூன்று ஆண்கள் மஸ்டாங்குகளைப் பிடித்து நாய்த் தீனிக்கு விற்கப் போகிறார்கள். ஒருவன் மனைவியை இழந்தவன். ஒருவன் குடும்பம் பிரிந்தவன். இன்னொருவனுடைய தகப்பனின் பண்ணை மாற்றாந்தகப்பன் கைக்குப் போய்விட்டது. கூட வரும் பெண்ணோ விவாகரத்துக்காக அந்த ஊருக்கு வந்தவள். சொந்தக்காரர் அற்ற மனிதர்கள் சொந்தக்காரர் அற்ற பிராணிகளைக் கயிறு போட்டு வீழ்த்துகிறார்கள். 'காட்டுக் குதிரை' என்று எழுதினால் இது வெறும் வேட்டைக் கதையாகச் சுருங்கிவிடும்.

நம்மிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. கட்டுக்கு அடங்காமல் பயிர் மேயும் மாட்டைக் கொண்டி மாடு என்கிறோம். அதைப் பிடித்து அடைக்கும் இடம் கொண்டித் தொழு. பட்டி என்றால் தொழுவம். ஆனால் பட்டி மாடு என்றாலோ அலைந்து திரியும் மாடு. ஸ்பானியர்களின் மெஸ்டாவுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்திருக்கிறது.

1971ல் அமெரிக்கா இக்குதிரைகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியபோது, அரசாங்க நிலத்தில் திரியும், சூட்டுக்குறி இல்லாத, யாரும் உரிமை கோராத குதிரை என்றே இலக்கணம் வகுத்தது. பழைய மெஸ்தெங்கோவுக்கும் அதுதான் பொருள். சட்டம் எழுதியவர்கள் விடாமல் பிடித்த பொருளை மொழிபெயர்ப்பாளர் விட்டுவிடலாமா? கொண்டிக் குதிரை என்றே எழுதட்டும், வாசகனுக்குப் புரியும்.