ஸஃபரும் ஸபுரும்

அரபு மொழியிலிருந்து நம் இல்லங்களுக்குள் வந்து, நாளடைவில் வீட்டுச் சொற்களாகவே ஆகிவிட்டவை பல. அவற்றுள் இரண்டினை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று ஸஃபர், பயணம் என்பது அதன் பொருள். மற்றொன்று ஸபுர், பொறுமை என்பது அதன் பொருள். பிழைப்பு நாடிக் கடல் கடந்தவரைச் 'சபுராளி' என்று அழைக்கும் வழக்கு நம்மவரிடையே உண்டு. சபுராளிக்குப் பயணம் வாய்த்தது. அவன் மனைவிக்கு வாய்த்தது ஓர் அறிவுரை: "ஸபுர் செய், மகளே!"

இவ்வறிவுரையை நம் எழுத்தாளர்களும் ஆராயாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பதே என் குறை. பயணம் போனவனின் துன்பத்தைச் சொல்லும் எழுத்து நம்மிடம் வளர்ந்திருக்கிறது. விசாவுக்காக மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் காத்திருப்பவளின் வாழ்வோ ஒரு பெருமூச்சாகவும், ஒரு துஆவாகவும், கதையின் இறுதியில் ஏற்றப்படும் ஒரு விளக்காகவும் சுருங்கிவிடுகிறது. இது சரிதானா என்று நேயர்கள் சிந்திக்க வேண்டும்.

பிரிவைப் பாடுவதில் தமிழுக்கு நிகர் தமிழே என்று நாம் பெருமை கொள்வதுண்டு. அப்பெருமைக்குக் காரணமும் உண்டு. பொருள் தேடிப் பிரிவதைப் பாலைத் திணையில் வைத்தார்கள். அவன் வரும்வரை இல்லிருத்தலை முல்லைத் திணையில் வைத்தார்கள். கடற்பயணத்தில் பெண்ணை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் கூறுவதாக உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். கணவன் சென்ற நாள்களைச் சுவரில் கோடிட்டு எண்ணி எண்ணி விரல் தேய்ந்துபோன பெண்ணை 'அவர்வயின் விதும்பல்' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நமக்குக் காட்டினார். காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பினும் மனைவியைப் பிரிந்து வரமாட்டேன் என்று தன் நெஞ்சுக்குச் சொல்லும் ஒருவனைப் பட்டினப்பாலை நமக்குத் தந்தது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பாடல்களில் வரும் காத்திருப்புக்கு ஒரு தவணை இருந்தது. கார்காலம் வந்தால் அவன் வருவான். மேகம் திரண்டதும் தோழி ஆறுதல் கூறுவாள். வராவிட்டால் அவனைப் பழிப்பாள். தவணை சொன்னவன் அவன். தவறினால் குற்றவாளியும் அவன். ஆகவே அழுவதற்கும் ஊடுவதற்கும் அவளுக்கு ஓர் ஆள் இருந்தான். சுவரில் கோடிட்ட பெண்ணுக்கும், எண்ணிக்கை ஒருநாள் முடியும் என்ற நம்பிக்கை இருந்தது.

இன்றைய பெண்ணின் தவணையை வைப்பவன் கணவனல்லன், மேகமும் அன்று. அதனை வைப்பது ஓர் அரசாங்க அலுவலகம். சவூதி அரேபியா 2017ஆம் ஆண்டு ஜூலை முதல், உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் நூறு நூறாக ஏறி 2020இல் அது 400 ரியால் ஆயிற்று. அக்கட்டணத்தைத் தாங்க இயலாமல், உடன் வைத்திருந்த மனைவி மக்களை ஊருக்கு அனுப்பியவர்கள் பலர். குவைத்து 2022இல் குடும்ப விசாவையே நிறுத்திவைத்தது. 2024 ஜனவரியில் மீண்டும் வழங்கத் தொடங்கியபோது 800 தினார் சம்பளமும் பல்கலைக்கழகப் பட்டமும் வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019இல் தொழிலை வைத்துப் பார்க்கும் முறை போய், 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் குடியிருப்பும் என்ற கணக்கு வந்தது. வளைகுடாவோடு இது நிற்கவில்லை. பிரிட்டனில் வாழ்பவர் துணைவரை அழைத்துக்கொள்ள ஆண்டுக்கு 18,600 பவுன் வருமானம் வேண்டும் என்று 2012இல் விதித்தார்கள்; 2024 ஏப்ரலில் அதனை 29,000 பவுனாக உயர்த்தினார்கள். 2020 மார்ச்சில் கொள்ளைநோயினால் பன்னாட்டு விமானங்கள் நின்றபோது, விசா கையில் இருந்தவர்களும் வழியின்றி நின்றார்கள்.

இத்தகைய காத்திருப்பில் யாரை நொந்துகொள்வது? கணவனை நொந்தால் அவனும் அங்கே வரிசையில் நிற்பவன்தான். இதுதான் பழைய பிரிவுக்கும் புதிய பிரிவுக்கும் உள்ள வேற்றுமை. பழைய உவமைகளைக் கொண்டு இதனைப் பாடிவிட முடியாது.

இடத்தையும் நாம் கருத வேண்டும். காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் பாருங்கள். ஆண்கள் கடல் வாணிபத்தின் பொருட்டு நெடுங்காலம் வெளியூர்களில் தங்கும் வழக்கமுடைய அவ்வூர்களில், மணமான பெண் தாய் வீட்டிலேயே வாழ்வதும், மணமகன் அவ்வீட்டிற்கு வந்து செல்வதும் மரபாயின. பெண்ணைப் பெற்றவர்கள் அவளுக்கு வீடு கொடுத்தார்கள். காத்திருக்கும் பெண்ணைச் சுற்றித் தாயும் தமக்கையும் இருந்தார்கள். ஆணின் இன்மை அவ்வூர்களில் வாழ்க்கை அமைப்புக்குள்ளேயே இடம்பெற்றிருந்தது எனலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திற்கு வாருங்கள். வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குப் போகும் வழியில் மகாராஜபுரம் இருக்கிறது. தென்னையும் வயலும் சூழ்ந்த ஊர். திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அண்மையில் உள்ள நகரங்கள். கடலை அறியாத இவ்வுள்நாட்டு வட்டாரங்களுக்குக் கடற்கரை ஊர்களின் அம்மரபு கிடையாது. இங்கே மணமான பெண் மாமியார் வீட்டுக்குப் போகிறாள். விடுப்பில் வந்தவன் நிக்காஹ் முடித்து விமானம் ஏறிய பிறகு, சில வாரங்களே பழகிய கணவனுக்காக, அதிகம் பழகாத ஒரு வீட்டில் அவள் காத்திருக்கிறாள். விசா எப்போது வரும் என்று மாமியிடம் கேட்டால் அவசரக்காரி என்ற பெயர் வரும். கேட்காவிட்டால் அக்கறையற்றவள் என்ற பெயர் வரும். தாய் வீட்டுக்குச் சென்று தங்கினால் அதற்கும் ஒரு சொல் உண்டு. கடற்கரையின் காத்திருப்பும் மலையடிவாரத்தின் காத்திருப்பும் ஒன்றல்ல என்பதை எழுத்தாளன் அறிந்திருக்க வேண்டாமா?

இதே திருவில்லிபுத்தூரில்தான் ஆண்டாள் பிறந்ததாகச் சொல்வர். அவருடைய நாச்சியார் திருமொழியில் மேகத்தைத் தூது விடும் பாடல்களும் உண்டு. கூடல் இழைக்கும் பாடல்களும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டமிடுவார்கள். இரு முனைகளும் கூடினால் அன்பர் வருவார், கூடாவிட்டால் வரமாட்டார் என்பது அக்கால நம்பிக்கை. சமய நம்பிக்கையைப் பொறுத்தவரை அது நம்முடையதன்று. ஆனால் காத்திருப்பவரின் மனத்தை அது எத்துணைச் சரியாகக் காட்டுகிறது! கைப்பேசியைத் திறந்து விண்ணப்பத்தின் எண்ணை இட்டு, 'பரிசீலனையில் உள்ளது' என்ற அதே சொல்லை ஒரே நாளில் பத்து முறை பார்க்கும் பெண்ணின் விரலும் கூடல் இழைக்கிறது. இதனை எழுத நம்மிடையே ஒரு கவிஞர் இல்லையா?

நம் எழுத்துக்கு வருவோம். குணங்குடி மஸ்தான் சாகிபு மனோன்மணிக் கண்ணியில் பிரிவின் வேதனையை உருக்கமாகப் பாடினார். அங்கே காதலி மெய்ப்பொருள். பிரிவுத் துயர் நம் ஞானியரிடம் இறைவனைத் தேடும் மொழியாயிற்று. அது பெருமைக்குரியதே. ஆனால் அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது அடுப்படியில் நின்ற மனைவியின் பிரிவு சிறியதாகத் தோன்றிவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

மலையாளத்தில் 1970களின் பிற்பகுதியில் எஸ். ஏ. ஜமீல் 'துபாய் கத்து'ப் பாட்டினை இயற்றினார். துபாயில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்த பாட்டு அது. பிறகு கணவனின் மறுமொழியாகவும் ஒரு பாட்டு வந்தது. ஒலிநாடாக்களில் பரவி வளைகுடாவின் தொழிலாளர் அறைகளையெல்லாம் அது கலங்கச் செய்தது. காரணம் என்ன? இளமை கழிகின்றது என்று அம்மனைவி வாய்விட்டுச் சொன்னாள். பணமும் பொருளும் வந்து சேர்ந்தன, ஆனால் நீங்கள் வரவில்லையே என்று கணக்குக் கேட்டாள். அப்பாட்டின் இலக்கணத்தில் குறை காண்போர் காணட்டும். அதன் உண்மையில் குறை காண இயலாது.

பென்யாமின் 2008இல் எழுதிய 'ஆடுஜீவிதம்' நாவலைப் பலரும் அறிவர். 2024இல் அது திரைப்படமாகவும் வந்தது. பாலைவனத்தில் ஆடுகளோடு அடிமையாய்க் கிடந்தவனின் துன்பத்தை அது மறக்க முடியாதபடி சொல்கிறது. ஆனால் கருவுற்ற நிலையில் அவன் விட்டுச் சென்ற மனைவி அவனுடைய நினைவின் வழியாகத்தான் நமக்குத் தெரிகிறாள். செய்தியே இல்லாத அந்நாள்களை அவள் எப்படிக் கழித்தாள் என்பது வேறொரு நாவலுக்குரிய பொருள். தமிழில் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) வீட்டுக்குள் இருக்கும் பெண்களின் உலகைத் துணிவோடு திறந்தது. அதன் சில பகுதிகளை ஒப்பாதவர்களும், பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு அதில் உள்ளபடி இருப்பதை ஒப்புக்கொள்வர். அக்கதவு திறந்த பிறகும், காத்திருப்பையே நடுப்பொருளாகக் கொண்டு எழுதியவர்கள் மிகச் சிலரே.

நம் இதழ்களிலும் மலர்களிலும் வரும் சிறுகதைகளின் வார்ப்பு நேயர்களுக்குப் பழக்கமானதே. கணவன் வெளிநாட்டில் இருப்பான். மனைவி தொழுகை விரிப்பில் கண்ணீர் வடிப்பாள். அண்டை வீட்டார் ஏதோ சொல்வார்கள். அவள் பொறுத்திருப்பாள். பெருநாளன்று அவன் வாசலில் வந்து நிற்பான். பொறுமைக்குப் பரிசு! இக்கதை நெஞ்சைத் தொடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இது யாருக்கு வசதியான கதை என்று கேளுங்கள். விசா ஏன் தாமதமாயிற்று, யார் எதைச் செய்யத் தவறினார்கள் என்ற கேள்விகளையெல்லாம் அவளுடைய கண்ணீர் கழுவிவிடுகிறது. பொறுமை அவளுடைய பண்பாக மட்டும் இருக்கும்வரை, மற்றவர்களுக்கு வேலை இல்லை.

ஸபுர் என்பதற்கு இதுவா பொருள்? அழகிய பொறுமைக்கு இலக்கணமாகத் திருக்குர்ஆன் காட்டுபவர் யஃகூப் நபி (அலை) அவர்கள். மகனைப் பிரிந்த துயரால் கண்கள் வெளுத்துப் போகும் அளவுக்கு அவர்கள் வருந்தினார்கள்; அதனைக் குறையாகச் சொன்னவர்களுக்கு மறுமொழியும் கூறினார்கள். அத்தோடு நிற்கவில்லை. யூசுபையும் அவர் சகோதரரையும் தேடிச் செல்லுங்கள், இறையருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று பிள்ளைகளை அனுப்பிவைத்தார்கள். ஆக, அழுவதும் ஸபுருக்கு மாறானதன்று. தேடுவதோ அதன் ஒரு பகுதி.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியும் சிந்திக்கற்பாலது. இரவில் நகரைச் சுற்றி வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் பாடிய சோகக் குரலைக் கேட்டார்கள். அவளைக் கண்டிக்கவில்லை, பொறுமையைப் பற்றி உபதேசிக்கவும் இல்லை. தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் எத்தனை காலம் தாங்குவாள் என்று வினவினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதற்கேற்பப் படைவீரர்களின் தவணையை வகுத்தார்கள் என்பது வரலாறு. ஒரு பெண்ணின் பாட்டு ஆட்சியின் ஆணையை மாற்றியது! இலக்கியம் செய்ய வேண்டிய வேலையும் அதுதான். அதனைக் கேட்பவர்கள் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

இன்று நம் கையில் இருக்கும் வேலை எது? அயல்நாட்டின் சட்டத்தை மகாராஜபுரத்தில் இருந்துகொண்டு நாம் மாற்ற இயலாது. ஆனால் தாமதத்தின் ஒரு பகுதி நம் வீட்டிலேயே விளைகிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாள்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு போதும் என்றிருந்துவிட்டு, விசா நேரத்தில் பதிவு அலுவலகத்திற்கு ஓடுபவர்கள் பலர். பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று 'பீவி', 'பேகம்', 'பானு' மாறி மாறி நிற்க, ஓர் எழுத்துக்காக மாதங்கள் கழிகின்றன. குவைத்துக்கும் அமீரகத்துக்கும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று சான்றொப்பம் படிப்படியாக வாங்க வேண்டும். சவூதி 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டில் என்னும் ஒரே முத்திரையை ஏற்கிறது. இவற்றை மணநாளிலிருந்தே தொடங்கலாமே! அதற்கும் முன்னதாக, குடும்ப விசாவுக்குரிய சம்பளம் மாப்பிள்ளைக்கு உண்டா என்பதை நிச்சயத்தின்போதே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மஹரைப் பேசும் சபையில் இதனையும் பேசுவதில் என்ன வெட்கம்? எத்தனை ஆண்டு காத்திருக்க நேரும் என்பதை அறிந்து பெண் சம்மதிப்பதே சம்மதம்.

எழுத்தாளர்களிடம் நாம் கேட்பது இவ்வளவே. காத்திருப்பவளுக்கு ஒரு நாளைக் கொடுங்கள். விடியலிலிருந்து இஷா வரை அவள் செய்வதையெல்லாம் எழுதுங்கள். பெயர்த் திருத்தத்திற்கு அவள் வரிசையில் நிற்பதை எழுதுங்கள். தையலோ கணினியோ அரபு மொழியோ கற்று, வெறும் நாள்களைத் தன் நாள்களாக அவள் ஆக்கிக்கொள்வதை எழுதுங்கள். கைப்பேசித் திரையில் தினமும் முகம் பார்த்தும் பேச ஒன்றுமில்லாமல் இருவரும் மௌனமாவதை எழுதுங்கள். நீல நிறக் கடிதத்தாளில் பக்கம் பக்கமாக எழுதிய தலைமுறைக்கு வாய்த்த சொற்கள் இவர்களுக்கு ஏன் வாய்க்கவில்லை என்று ஆராயுங்கள். அவள் கோபப்பட்டால் கோபத்தையும் எழுதுங்கள். அதனால் அவளுடைய ஈமானுக்குக் குறை ஒன்றும் வந்துவிடாது.

ஸஃபரை எழுதிய அளவுக்கு ஸபுரையும் நாம் எழுத வேண்டும். காதில் விழுந்த அந்தப் பெண்ணின் குரலுக்கு உமர் (ரலி) அவர்கள் நின்றார்கள். நம் தெருவில் அத்தகைய குரல் கேட்கும்போது "ஸபுர் செய், மகளே" என்று சொல்வதற்கு முன், எந்தத் தாள் எங்கே நின்றுவிட்டது என்று கேட்போமாக.