மெமோவில் இல்லாத சொல்

கதைக்கும் கவிதைக்கும் தன்வரலாற்றுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். நம் ஆட்களில் அரசு வேலைக்குப் போனவர்களுடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கிற பிரதி இன்னொன்று இருக்கிறது. அதை யாரும் விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. அதுதான் மெமோ.

கோப்பில் 'குறிப்பாணை' என்பார்கள். அலுவலகத்தில் 'செவன்டீன் ஏ', 'செவன்டீன் பி' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(அ) சிறு தண்டனைக்கானது. எழுத்தில் விளக்கம் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம். 17(ஆ) பெருந்தண்டனைக்கானது. குற்றச்சாட்டு வனைய வேண்டும், விசாரணை அலுவலர் போட வேண்டும், குறுக்கு விசாரணைக்கு இடம் தர வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். அங்கே அலுவலக உதவியாளராக இருந்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்க ஊருக்குப் பக்கத்துச் சேரிக்காரர். ஒருநாள் கண்காணிப்பாளர் வீட்டில் சாக்கடை அடைத்துக்கொண்டது. 'போய்க் குத்தி விட்டுட்டு வாப்பா' என்றார். அலுவலகத்தில் இன்னும் இரண்டு அலுவலக உதவியாளர்கள் இருந்தார்கள். ஊர்த்தெருக்காரர்கள். அவர்களைக் கூப்பிடவில்லை. 'அது என் வேலை இல்லீங்க சார்' என்றார் அண்ணன். அவர் சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் 17(அ) தயாரானது. மேலதிகாரி இட்ட பணியைச் செய்ய மறுத்தார், அவமரியாதையாகப் பேசினார், அரசு ஊழியருக்கு ஒவ்வாத வகையில் நடந்து 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் விதி 20ஐ மீறினார் என்று மூன்று வரி. கார்பன் வைத்து அதைத் தட்டச்சு செய்தவன் நான்.

சாயங்காலம் மெமோவை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தார். வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: 'தம்பி, இதுல சாக்கடைன்னு எங்க எழுதியிருக்கு?'

நான் கேட்ட இலக்கிய விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது கிடையாது. சாக்கடை இல்லை. வீடு இல்லை. கூப்பிடப்படாத அந்த இரண்டு பேர் இல்லை. சாதி இல்லவே இல்லை. 'பணி', 'மறுப்பு', 'ஒவ்வாத நடத்தை' என்று எல்லோருக்கும் பொதுவான சொற்களே இருக்கின்றன. சாதியைச் சொல்லாமலே சாதி வேலையை முடித்துத் தருகிற மொழி இது. படிக்கிற மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாத ஊழியர் ஒருவர் மட்டுமே தெரிவார்.

1917இல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் அதிகாரியாகப் போனார். பியூன்கள் கோப்புகளை அவர் கையில் கொடுக்காமல் மேசைமேல் வீசினார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அதற்காக எந்தப் பியூனுக்கும் மெமோ போனதாக நான் படித்ததில்லை. கீழே இருப்பவர் மேலே இருப்பவரை மதிக்க மறுப்பதுதான் கீழ்ப்படியாமை என்றால் அதுவும் கீழ்ப்படியாமைதானே? அந்தச் சொல்லுக்குப் பொருள் தருவது பதவி வரிசை மட்டும் அல்ல, ஊர் வரிசையும்தான்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்ததும் நான்தான். பயந்துபோய், 'இனி இவ்வாறு நேராது, கருணைகூர்ந்து மன்னிக்க வேண்டுகிறேன்' என்று எழுதினேன். 'குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளார்' என்று உத்தரவில் எழுதி ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அந்த வருஷம் பதிவுரு எழுத்தர் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'நீ நல்லதுன்னுதான் எழுதுன' என்றார்.

கருணை என்று நான் எழுதிய இடத்தில் கேள்வி இருந்திருக்க வேண்டும். எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன பணி? அது என் பணிப் பட்டியலில் எங்கே இருக்கிறது? கட்டாய வேலை வாங்குவது குற்றம் என்று 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அப்போதே சொல்லியிருந்தது. விசாரணை அலுவலரின் அறிக்கை நகலை ஊழியருக்குக் கொடுத்து அவர் பதிலைக் கேட்காமல் பணிநீக்கம் போன்ற தண்டனை தரக் கூடாது என்று 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதெல்லாம் நம் கைக்கு வந்த மொழி. அதைப் பேசத் தெரியாமல் மன்னிப்பு மொழியையே எழுதிக்கொண்டிருந்தோம்.

விதி இருப்பதாலேயே நியாயம் கிடைத்துவிடாது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் விசாரணை இல்லாமலே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் விதியே இல்லாத நிலை அதைவிட மோசம். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு மெமோகூடக் கிடையாது. மேஸ்திரி 'நாளைலேருந்து வராதே' என்றால் முடிந்தது. அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு அவரைக் காப்பாற்றாது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்துக்கு முன்னால் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தது மண்டல வேலைகளைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து. அவர்கள் கேட்டதில் கூலி மட்டுமல்ல, காரணம் கேட்கிற உரிமையும் இருந்தது.

நவீனத் தமிழ்க் கதைகளில் குமாஸ்தாவின் துயரம் நிறைய வந்துவிட்டது. டீ வாங்கிவருகிற பியூன் அந்தக் கதைகளில் வந்துவந்து போகிறார், அவ்வளவுதான். அவர் எழுதிய விளக்கங்கள் டிரங்குப் பெட்டிகளில் மட்கிக்கொண்டிருக்கின்றன. தோழர்களே, அவற்றை எடுத்து வாருங்கள். அவையும் நம் தன்வரலாறுகள்தான். மெமோவையும் விளக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் காணாமல் போயிருக்கிறது என்று பார்ப்போம்.

அண்ணனுடைய விளக்கத்தை இன்றைக்கு எழுதச் சொன்னால், முதல் வரியிலேயே சாக்கடை என்று எழுதுவேன்.